வெள்ளமும் புயலும் வரும்போது வாட்ஸ்அப், ஃபேஸ்புக், எக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தபோது நான் சென்னையில் இல்லை. வெள்ளம் எட்டிப்பார்க்காத ஓர் ஊரில் லேப்டாப்பும் போனும் வைத்துக்கொண்டு, உதவி கேட்டு வந்த பதிவுகளில் இருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கஜா புயல், கேரள வெள்ளம், மிக்ஜாம் புயல், தூத்துக்குடி வெள்ளம் என்று ஒவ்வொரு முறையும் அதே வேலைதான். மழைக்காலம் தொடங்கியதும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் போன் செய்வதா, பதிவு போடுவதா?

போன்தான். 112, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913. இலங்கையில் இருப்பவர்களுக்கு 117. லைன் உடனே கிடைக்காது, எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் எந்தப் படகு எந்தத் தெருவில் நிற்கிறது என்று தெரிந்தவர் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார், உங்கள் பதிவுக்கு இதயம் போடுகிறவருக்கு அது தெரியாது.

1077இல் ஒரு சின்ன சிக்கல் உண்டு. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு தூத்துக்குடியில் சிக்கியிருக்கிற அம்மாவுக்காக 1077 அடித்தால் கோயம்புத்தூர் கலெக்டர் ஆபீஸ்தான் எடுக்கும். எந்த மாவட்டமோ அந்த எஸ்டிடி கோடைச் சேர்த்து அடியுங்கள்.

போன் செய்தாயிற்று என்றால் அப்புறம் பதிவு. அதையும் நீங்களே போட வேண்டாம். கரண்டும் நெட்டும் இருக்கிற ஊரில் தம்பியோ மச்சானோ பழைய ஆபீஸ் நண்பரோ ஒருவர் இருப்பார், அவரிடம் விவரத்தைச் சொல்லிவிட்டு, நீங்கள் போனை மூடி வையுங்கள். படகு தெருமுனைக்கு வந்து "சார், எந்த வீடு?" என்று கேட்கும்போது எடுப்பதற்கு உங்கள் போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

பதிவில் என்ன எழுத வேண்டும்?

"ப்ளீஸ் ஹெல்ப், என் பாட்டி மாட்டிக்கொண்டார், எல்லோரும் ஷேர் பண்ணுங்க" என்று ஒரு பதிவு பத்தாயிரம் பேரிடம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பாட்டி எந்த ஊரில் இருக்கிறார் என்பது அதில் இல்லை. ஷேர் செய்த பத்தாயிரம் பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

நான் கேட்பவர்களுக்கு அனுப்பும் மாதிரி இது:

"டிசம்பர் 4, மாலை 5.40. படகு தேவை. 4 பேர், ஒருவர் 78 வயது, நடக்க முடியாது, இன்சுலின் நாளைக் காலை வரைதான் இருக்கிறது. தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், முதல் மாடியில் இருக்கிறோம். முடிச்சூர், இன்ன நகர், இன்ன தெரு, பின்கோடு, ரேஷன் கடைக்கு அடுத்த பச்சை கேட் வீடு. அங்கே இருப்பவர் எண் இது, வெளியூரில் ஒருங்கிணைக்கும் மகன் எண் இது."

தேதியும் நேரமும் முதல் வரியில் இருப்பது சும்மா இல்லை. "இப்போது", "இன்று காலை" என்று எழுதினால் அந்தப் பதிவு மூன்று நாள் கழித்து வேறு ஒருவர் கையில் போய்ச் சேரும்போதும் "இப்போது" என்றேதான் சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்தது முகவரி. சென்னையில் எத்தனை காந்தி தெரு, எத்தனை முதல் குறுக்குத் தெரு இருக்கிறது என்று மாநகராட்சிக்கே சந்தேகம் இருக்கலாம், அதனால் நகர் பெயரும் பின்கோடும் இல்லாத முகவரி முகவரியே இல்லை. தெருப்பலகை தண்ணீருக்குள் இருக்கும் என்பதால் அடையாளம் என்று தண்ணீருக்கு மேலே தெரிகிற எதையாவது சொல்லுங்கள்: மேல்நிலைத் தொட்டி, கோயில் கோபுரம், செல்போன் டவர். முகவரியை மட்டும் ஆங்கிலத்திலும் ஒருமுறை அடித்துவிடுவது நல்லது, அரக்கோணத்திலிருந்து வருகிற தேசியப் பேரிடர் மீட்புப் படையில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள்.

படகா, சாப்பாடா, மருந்தா, குடிதண்ணீரா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். படகு கேட்டவர் வீட்டுக்குச் சாம்பார் சாதம் போய், சாம்பார் சாதம் கேட்டவர் வீட்டுக்குப் படகு போன கதையெல்லாம் உண்டு. இரண்டாவது வீட்டில் அந்தத் தாத்தா ஏற மறுத்துவிட்டார்.

வாட்ஸ்அப் லொகேஷன் அனுப்பினால் போதாதா?

உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. லைவ் லொகேஷன் அனுப்பாதீர்கள், அது பேட்டரியைக் குடிக்கும், நீங்கள் தேர்ந்தெடுத்த 15 நிமிடமோ 1 மணி நேரமோ 8 மணி நேரமோ முடிந்ததும் காணாமல் போகும். தற்போதைய லொகேஷனை ஒருமுறை அனுப்பினால் போதும். அதைவிடக் கெட்டியான வழி, கூகுள் மேப்ஸில் உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வருகிற அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மழைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைப்பது. நெட் போனாலும் அந்த எண்களை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம், போனில் வாய்விட்டுப் படிக்கலாம். இதைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், எழுதி வைத்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

சிக்னலும் இல்லை, சார்ஜும் இல்லை என்றால்?

அப்போது சமூக ஊடகம் என்பது வெளியூர்க்காரர்களின் விளையாட்டு மைதானம்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களில் பல நாள் கரண்ட் இல்லை, டவர் இல்லை. பதிவே வராத ஊர்கள் நன்றாக இருக்கின்றன என்று சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்திருந்த நாங்கள் நினைத்துக்கொண்டோம். நான் செய்த தவறுகளில் பெரியது அதுதான். ஒரு பெரும்புயலுக்குப் பிறகு ஒரு வட்டாரத்திலிருந்து ஒரு பதிவும் வரவில்லை என்றால் அங்கேதான் நிலைமை மோசம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டியது. நூற்றுக்கணக்கான பயணிகள் ஸ்டேஷனிலேயே இரண்டு நாள் கிடந்தார்கள். வெளியே நாங்கள் ஹேஷ்டேக் போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தபோது அவர்களுக்குச் சமைத்துப் போட்டது பக்கத்திலிருந்த புதுக்குடி ஜனங்கள், அவர்கள் ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது. எந்த ஆப்பும் அதை ஏற்பாடு செய்யவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். சிக்னல் மெல்லியதாக இருக்கும்போது அழைப்பு போகாது, எஸ்எம்எஸ் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும், அதை முயலுங்கள். வீட்டில் நான்கு போன் இருந்தால் மூன்றை அணைத்து வையுங்கள். "ஒவ்வொரு மணிக்கும் முதல் ஐந்து நிமிடம் போனை ஆன் செய்வேன்" என்று வெளியூர் ஆளிடம் சொல்லி வைத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி. பேட்டரி ரேடியோ ஒன்று இருந்தால் அதைக் கிண்டல் செய்யாதீர்கள்.

உதவி கேட்டு வந்த பதிவை அப்படியே ஷேர் செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு உதவிப் பதிவைப் பிறக்கவைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், முடித்துவைக்க ஆள் இல்லை. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது தன்னார்வலர்களும் அம்மாநில ஐடி மிஷனும் சேர்ந்து கேரளரெஸ்க்யூ என்ற இணையதளத்தைச் சில மணி நேரத்தில் எழுப்பினார்கள், அதில் கோரிக்கைகள் வந்து குவிந்தன. ஒரே குடும்பத்துக்காக துபாயிலிருந்து அண்ணன், பெங்களூரிலிருந்து அக்கா, பக்கத்து வீட்டுக்காரரின் மகன் என மூன்று பேர் தனித்தனியாகப் பதிவு செய்திருப்பார்கள், ஒவ்வொன்றிலும் வீட்டு எண் கொஞ்சம் மாறியிருக்கும். அந்தக் குடும்பத்தை மீனவர்கள் காலையிலேயே முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். மாலையில் இன்னொரு படகு ஆளில்லாத அந்த வீட்டைத் தேடிப் போகும். அந்த வெள்ளத்தில் மீனவர்கள் மட்டும் சுமார் 65,000 பேரை மீட்டார்கள் என்பது கேரள அரசின் கணக்கு. அவர்கள் வீணாகச் சுற்றிய ஒவ்வொரு நடையும் வேறு யாருக்கோ போய்ச் சேராத நடை.

ஆகவே பதிவு ஒன்று உங்களிடம் வந்தால் முதலில் அதில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். எடுத்தால் இன்னும் உதவி தேவையா, எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு, "மாலை 6.10க்குப் பேசினேன், இன்னும் தேவை" என்ற ஒரு வரியைச் சேர்த்து அனுப்புங்கள். எடுக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், மீண்டும் மீண்டும் அடித்து அவர்கள் பேட்டரியைக் காலி செய்யாதீர்கள், ஒரு எஸ்எம்எஸ் போட்டுவிட்டு விடுங்கள். மீட்கப்பட்டுவிட்டார்கள் என்றால் எந்தக் குழுவிலிருந்து வந்ததோ அங்கேயே போய் "முடிந்தது" என்று எழுதுங்கள். நீங்கள் போட்ட பதிவாக இருந்தால் அழிக்காதீர்கள், ஷேர் ஆன நகல்கள் எங்கெங்கோ திரியும், மூலப் பதிவைத் தேடி வருகிறவருக்கு அங்கே "முடிந்தது, டிசம்பர் 5 காலை 8 மணி" என்பது தெரிய வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பரப்புவதுதான் மகா பாவம், அதில் திருத்தவே வழியில்லை. 2015இல் ஒரு கர்ப்பிணிக்கு உதவி கேட்டு வந்த பதிவு அடுத்த வருஷ வர்தா புயலிலும் எங்கள் குழுவுக்கு வந்தது. போன் செய்தேன். "சார், பையனுக்கு முதல் பிறந்தநாளே முடிந்துவிட்டது" என்றார் அந்தக் கணவர்.

முதலைகள் தப்பித்தது, நாசா எச்சரித்தது எல்லாம் உண்மையா?

2015இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் வெளியே வந்துவிட்டதாகக் கிளம்பிய புரளியை அந்தப் பண்ணையே மறுத்தது. நாசா சொன்னதாக 250 செ.மீ. மழை வரப்போகிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியும் சுற்றியது, அதுவும் பொய். ஏரி உடைந்துவிட்டது என்ற செய்தி ஒவ்வொரு மழைக்கும் தவறாமல் வரும். மற்ற இரண்டும் சிரிப்போடு போய்விடும், ஏரிப் புரளி ஆபத்தானது, ராத்திரி இரண்டு மணிக்கு வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு மேடான இடத்திலிருந்து தண்ணீருக்குள் ஓடவைக்கும்.

குரல் பதிவாக வந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். "என் மச்சான் பொதுப்பணித்துறையில் இருக்கிறார்" என்று பதற்றத்தோடு ஒருவர் பேசுவார், அவர் யார், என்றைக்குப் பேசினார், எந்த ஏரி என்பது இருக்காது. பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்தி என்று வாட்ஸ்அப்பே இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டும், அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி கிளப்பினால் 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு, குடும்பக் குழுவில் இருக்கும் பெரியப்பாவிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

மழை நிலவரத்துக்கு யாரைப் பின்தொடரலாம்?

எச்சரிக்கைக்கு சென்னை மண்டல வானிலை ஆய்வு மையமும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்றவர்கள் நம் மொழியில், நம் ஏரியா பெயர் சொல்லி விளக்குவதால் மனசுக்குத் தைரியம் வருகிறது, நானும் படிக்கிறேன், ஆனால் வீட்டைக் காலி செய்வதா வேண்டாமா என்பதற்கு அரசு அறிவிப்புதான் கணக்கு. அரசின் டிஎன்-அலர்ட் செயலியையும் போட்டு வையுங்கள். ரெட் அலர்ட் என்றதும் "நாளைக்கு லீவா?" என்று கேட்கும் கூட்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

பிரபலம் ட்வீட் போட்டால்தான் படகு வருமா?

2023 மிக்ஜாம் வெள்ளத்தில் காரப்பாக்கத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது, கரண்ட் இல்லை, மாடியில் ஒரு மூலையில்தான் சிக்னல் வருகிறது என்று நடிகர் விஷ்ணு விஷால் எக்ஸில் எழுதினார். தீயணைப்பு மீட்புத் துறையின் படகு வந்தது, அதில் ஆமிர் கானும் இருந்தார் என்று படத்தோடு செய்தி போனது. "எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை" என்று வேளச்சேரிக்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பகுதியில் மாட்டியிருந்த மற்றவர்களும் மீட்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் சத்தம் பெரிதாக வருகிற பக்கம் உதவி சாய்கிறது என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் ஆண்ட்ராய்டு போனே இல்லாத குடிசைப் பகுதிக்காக அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவருக்காகவும் ஒரு பதிவு போடச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவர் எங்கே குடியிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

நிவாரணப் பொருள் சேகரிக்கிறோம் என்று அறிவிக்கலாமா?

எங்கே யாருக்கு என்ன வேண்டும் என்று ஒருவரிடமாவது பேசிவிட்டு அறிவியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி சாலையோரம் மலையாகக் கிடந்தது. கிழிந்த புடவையை மானமுள்ள மனுஷி எடுத்துக் கட்ட மாட்டாள், அதை அள்ளி அப்புறப்படுத்துவதே அங்கே இன்னொரு வேலையானது. சேலை கொடுப்பதானால் புதுச் சேலை, அதோடு உள்பாவாடை, நைட்டி, உள்ளாடை, நாப்கின். யாரும் வாய்விட்டுக் கேட்காத பொருள்கள் இவை, பட்டியலில் நீங்களாகச் சேர்க்க வேண்டும். பாய், போர்வை, கொசுவர்த்தி, தார்பாய், மெழுகுவர்த்தி, பிளீச்சிங் பவுடர். குழந்தைகளின் பள்ளிப் புத்தகம் பத்து நாள் கழித்துத்தான் எல்லோர் ஞாபகத்துக்கும் வரும்.

கஜா நேரத்தில் லாரிகள் மெயின்ரோட்டு ஊர்களிலேயே காலியாகின. பசித்திருந்த ஜனங்கள் வண்டியை மறித்தார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் யார்? உள்ளே பத்து கிலோமீட்டரில் இருந்த ஊர்களுக்கு எதுவும் போகவில்லை என்பதுதான் பிரச்சினை. போகிற ஊரிலிருந்து ஒரு ஆள் வந்து வண்டியில் ஏறிக்கொண்டால் வழியில் பேசிச் சமாளிப்பார். என்ன வந்து சேர்ந்தது என்று அன்றன்றைக்கு எழுதுங்கள், "அரிசி போதும், இனி குடிதண்ணீர் கேன் மட்டும்" என்று பட்டியலைத் திருத்திக்கொண்டே இருங்கள். பழைய பட்டியல் சுற்றிக்கொண்டிருந்தால் நான்காவது நாளும் பிஸ்கட் பாக்கெட்டாகவே வரும்.

பணம் அனுப்பச் சொல்லி க்யூஆர் கோடு வருகிறது. அனுப்பலாமா?

குழுவில் வந்த கோடுக்கு அனுப்பாதீர்கள். முதலமைச்சர் நிவாரண நிதி என்றால் அரசு இணையதளத்துக்குள் நீங்களே போய் அங்கிருக்கும் கணக்கைப் பாருங்கள். 2020இல் கொரோனா நேரத்தில் பிஎம்கேர்ஸ் நிதியின் யுபிஐ முகவரியில் கடைசி "ஸ்" மட்டும் இல்லாமல் போலி ஒன்றை உருவாக்கி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணில் படாது. பணம் போடுவதற்கு முன் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். நீங்களே வசூலிப்பதானால் தனிப்பட்ட கணக்கில் வாங்காமல் இருப்பது உத்தமம், வேறு வழியில்லை என்றால் வரவும் செலவும் பில்லோடு தினமும் அதே குழுவில் போடுங்கள். போடாவிட்டால் நண்பன்கூடச் சந்தேகப்படுவான், படத்தான் வேண்டும்.

உதவி கொடுக்கும்போது போட்டோ எடுக்கலாமா?

பொருளை எடுங்கள், லாரியை எடுங்கள், பில்லை எடுங்கள். வரிசையில் நிற்கும் பெண்மணி முகத்தை எடுக்காதீர்கள். நேற்றுவரை பத்து பேருக்குச் சோறு போட்டவர் அவர். அதேபோல, தனியாக இருக்கும் பெண்களின் எண்களைப் பொதுவெளியில் போட்டால் வெள்ளம் வடிந்த பிறகும் வேண்டாத அழைப்புகள் வரும், ஒருங்கிணைப்பவரின் எண்ணை மட்டும் போடுங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

இங்கே தூங்கும் நேரத்தில் நீங்கள் விழித்திருப்பீர்கள், அதுவே பெரிய விஷயம். ராத்திரி ஷிப்ட் எடுத்துக்கொள்ளுங்கள்: உதவிக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் ஆன்லைன் ஷீட்டில் இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குவது, பின்கோடு நிரப்புவது, முகவரியை வரைபடத்தில் கண்டுபிடித்துக் குறிப்பது. 2015இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் ஒரு வெள்ள வரைபடம் போட்டிருந்தார்கள், தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் தட்டிக் குறிக்கலாம், கிடைத்த தகவலை வைத்து உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பலர் அதில் வேலை செய்தார்கள். அரசை டேக் செய்து திட்டுவதற்கு ஏற்கனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

உதவிக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவை எப்போது மூடுவது?

பெரும்பாலும் யாரும் மூடுவதில்லை. தண்ணீர் வடிந்த ஒரு வாரத்தில் "குட் மார்னிங்" படங்கள் வர ஆரம்பிக்கும், அடுத்தது மனை விற்பனை. நாங்கள் இப்போது செய்வது இதுதான்: ஷீட்டில் "முடிந்தது" என்று குறிக்கப்படாத வரிகள் எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒருமுறை போன் செய்வோம். தொடர்பே கிடைக்காத எண்களை மாவட்ட நிர்வாகத்திடமோ அந்த ஊர் ஆள் ஒருவரிடமோ கொடுத்து நேரில் பார்க்கச் சொல்வோம். பதில் வந்ததும் முகவரிகளும் எண்களும் இருக்கும் ஷீட்டை அழித்துவிட்டு, குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுவோம். மிக்ஜாமின்போது அந்தக் கடைசிச் சுற்றில் பதினோரு எண்கள் மிஞ்சின. பத்து பேர் சார்ஜ் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். பதினோராவது எண் தப்பாக அடிக்கப்பட்டிருந்தது, எடுத்தவர் சேலத்தில் இருந்தார், மூன்று நாளாக ஐம்பது பேர் போன் செய்து படகு வேண்டுமா என்று கேட்டதாகச் சொன்னார்.